டப்பா மத்தி: பழைய மீனா, பத்திரமான மீனா?

கிழக்குக் கடற்கரையில் ஆண்டுதோறும் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள்களுக்கு விசைப்படகுகள் கடலுக்குப் போவதில்லை. மீன்களின் இனப்பெருக்கத்துக்காக விதிக்கப்படும் இந்தத் தடைக்காலம் வந்தாலே, சென்னையிலிருந்து சாலை வழியே சுமார் 140 கிலோமீட்டர் உள்ளே இருக்கும் வேலூரில் கடல்மீன் வரத்துச் சுருங்கி விலை ஏறிவிடும். மார்க்கெட்டில் ஏரிக் கெண்டையும் ஜிலேபியும், மேற்குக் கரையிலிருந்து லாரியில் வரும் ஐஸ் மீனும்தான் கைகொடுக்கும். ஜூன் 1 அன்று மேற்குக் கரையிலும் தடை தொடங்கிவிடுவதால், அந்த மாதத்தின் முதல் இரண்டு வாரங்களில் இரு கரைகளும் ஒருசேர அடைபட்டிருக்கும். காட்பாடி, சத்துவாச்சாரிப் பக்கத்துப் பெரிய மளிகைக் கடைகளின் அலமாரியில் ஆண்டு முழுவதும் தூசு தட்டாமல் கிடக்கும் மத்தி டப்பாவின் மேல் பலருடைய கண் விழுவது இந்தச் சமயத்தில்தான்.

அந்த டப்பாவைப் பற்றிக் கைப்பேசியில் வரும் தகவல்களோ ஒன்றுக்கொன்று நேர்மாறானவை. மேலை நாடுகளில் சிலர் நாள்கணக்கில் டப்பா மத்தியை மட்டுமே தின்று உடல் இளைத்ததாகக் காணொளி போடுகிறார்கள். அதே கைப்பேசியில், டப்பாவில் அடைத்ததெல்லாம் ரசாயனத்தில் ஊறிய பிணம் என்கிற வாட்ஸாப் எச்சரிக்கையும் வருகிறது. இரண்டுமே மிகை. டப்பா மத்தியின் நன்மை எது, அதன் ஆபத்து எங்கே இருக்கிறது என்பதைப் புரிந்துகொள்ள, அந்த மீனை வேகவைக்கும் முறையிலிருந்து தொடங்க வேண்டும். ஏனெனில், மீனைக் கெடாமல் காப்பதும் அதன் முள்ளைத் தின்னத் தக்கதாக்குவதும் ஒரே வெப்பம்தான்.

மத்தி என்பது எந்த மீன்?

மத்தி, சாளை, கவலை என்று தமிழ்நாட்டுக் கரையில் ஊருக்கு ஒரு பெயரால் வழங்கும் மீன்கள் எல்லாம் ஒன்றே அல்ல. நெருங்கிய உறவுள்ள பல சிறுமீன் இனங்கள் அப்பெயர்களுக்குள் அடங்கும். மலபார்க் கரையில் பெருங்கூட்டமாகத் திரியும் நெய்மத்தியின் அறிவியல் பெயர் சார்டினெல்லா லாங்கிசெப்ஸ். ஐரோப்பிய டப்பாக்களில் இருப்பது சார்டினா பில்கார்டஸ் என்னும் வேறோர் இனம். பன்னாட்டு உணவுத் தரங்களை வகுக்கும் கோடெக்ஸ் அமைப்பு, ஏறத்தாழ 20 இனங்களை ‘சார்டைன்’ என்ற பெயரில் டப்பாவில் அடைக்க அனுமதிக்கிறது. நம் நெய்மத்தியும் அந்தப் பட்டியலில் உண்டு. அடைமொழி இல்லாமல் வெறுமனே ‘சார்டைன்’ என்று எழுதிக்கொள்ளும் உரிமை மட்டும் ஐரோப்பிய இனத்துக்கே. இந்தப் பெயருக்காகப் பெரு நாடு ஐரோப்பிய ஒன்றியத்தை உலக வர்த்தக அமைப்பில் வழக்காடி 2002இல் வென்றது என்பது, ஒரு விரல்நீள மீனுக்குக் கிடைத்த பெரிய கௌரவம்தான்.

பெயர் விவகாரம் சமையலறைக்கு வேண்டாத விஷயமாகத் தோன்றலாம். ஆனால் டப்பாவின் பின்புறத்தில் எந்த இனம், எந்த நாடு என்று படித்துப் பார்ப்பதற்கு ஒரு காரணம் இருக்கிறது. நெய்மத்தி வரத்து நிலையற்றது. கேரளத்தில் 2012இல் ஏறத்தாழ 4 லட்சம் டன் பிடிபட்ட இம்மீன், மத்தியக் கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனத்தின் கணக்குப்படி 2021இல் 3,297 டன்னாகச் சரிந்தது. கடல் வெப்பநிலை, அதைச் சார்ந்த மிதவையுயிர் இரை, வளராத குஞ்சுகளை வாரிப் பிடிப்பது ஆகிய காரணங்கள் இதற்குச் சொல்லப்படுகின்றன. ஒரு வருடம் கொட்டி மறு வருடம் காணாமல் போகும் மீனை நம்பித் தொழிற்சாலை நடத்துவது எளிதல்ல. நம் கடைகளில் உள்நாட்டு டப்பாவுக்குப் பக்கத்திலேயே இறக்குமதி டப்பாவும் இருப்பதில் வியப்பில்லை. டப்பா மத்தி ஏற்றுமதியில் உலகில் முதலிடம் மொராக்கோவுக்கு.

டப்பாவுக்குள் நடப்பது என்ன?

உணவைக் காற்றுப் புகாமல் மூடி, மூடியபடியே வேகவைத்தால் கெடாது என்று கண்டவர் பிரான்சைச் சேர்ந்த நிக்கோலா அப்பேர். படைகளுக்கு உணவு கொண்டுபோகும் வழியைத் தேடிய பிரெஞ்சு அரசு, 1810இல் அவருக்கு 12,000 பிராங்க் பரிசு கொடுத்தது. அவர் பயன்படுத்தியது கண்ணாடிப் புட்டி. தகர டப்பாவுக்கான காப்புரிமை அதே ஆண்டில் இங்கிலாந்தில் பீட்டர் டுராண்ட் பெயரில் பதிவாயிற்று. மத்தியை டப்பாவில் அடைப்பது 1820களில் பிரான்சின் நாந்த் நகரில் தொழிலாக வளர்ந்தது. உணவு கெடாததற்கான காரணம் நுண்ணுயிர்கள் அழிவதே என்று லூயி பாஸ்டர் விளக்கியதோ அதற்கெல்லாம் பல பத்தாண்டுகள் கழித்து. செய்முறை முந்தி வந்தது, அறிவியல் பிந்தி வந்தது.

இன்றைய தொழிற்சாலையில் வேலை ஏறத்தாழ இந்த வரிசையில் நடக்கிறது:

1. மீனின் தலையும் குடலும் நீக்கப்படுகின்றன. முதுகெலும்பும் தோலும் பெரும்பாலும் அப்படியே விடப்படுகின்றன. பிறகு மீன் சிறிது நேரம் உப்புநீரில் கிடக்கும்.

2. நீராவியில் அரைவேக்காடாக வெந்து, அதில் ஊறும் நீர் வடிக்கப்படுகிறது. இதைச் செய்யாவிட்டால் டப்பாவுக்குள் எண்ணெயோடு மீன் நீரும் கலந்து கலங்கிப் போகும்.

3. மீன்கள் தலைமாடு கால்மாடாக அடுக்கப்பட்டு, எண்ணெயோ தக்காளிச் சாறோ உப்புநீரோ ஊற்றப்படுகிறது.

4. உள்ளே காற்று இல்லாதவாறு மூடி, டப்பாவின் விளிம்பும் மூடியின் விளிம்பும் ஒன்றையொன்று கவ்வ இரட்டை மடிப்பாக மடிக்கப்படுகின்றன. பற்றவைப்பு எதுவும் கிடையாது. டப்பாவின் உயிர் இந்த மடிப்பில்தான் இருக்கிறது.

5. மூடிய டப்பாக்கள் ரிடார்ட் எனப்படும் ராட்சதக் குக்கருக்குள் சென்று, ஏறத்தாழ 115 முதல் 121 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் அழுத்தத்தோடு வேகின்றன.

ஐந்தாவது படியில்தான் விஷயமே இருக்கிறது. வெறுமனே கொதிக்கும் நீரின் 100 டிகிரி போதாது. காற்றில்லாத இடத்தில் வளர்ந்து கொடிய நஞ்சைச் சுரக்கும் கிளாஸ்ட்ரிடியம் பாட்டுலினம் என்ற பாக்டீரியா, விதைபோன்ற வித்துகளாக மாறிக் கொதிநீரிலும் உயிரோடு இருக்கும். அந்த வித்துகளை ஒழிக்க, டப்பாவின் நடுப்பகுதி, அதாவது கடைசியாகச் சூடேறும் இடம், 121 டிகிரியில் குறைந்தது சுமார் 3 நிமிடம் இருப்பதற்கு இணையான வெப்பத்தைப் பெற வேண்டும் என்பது தொழிலின் அடிப்படை விதி. நடைமுறையில் அதைவிட அதிக நேரமே வேகவைக்கிறார்கள்.

இதிலிருந்து இரண்டு முடிவுகள் கிடைக்கின்றன. முதலாவது, முறையாக வெந்து முறையாக மூடிய டப்பாவுக்குத் தனியே பதப்படுத்தும் ரசாயனம் தேவையில்லை. பல டப்பாக்களின் பொருள்பட்டியலில் மத்தி, எண்ணெய், உப்பு என்ற மூன்று சொற்களுக்கு மேல் இருக்காது; ஐயமுள்ளவர் டப்பாவைத் திருப்பிப் படித்துக்கொள்ளலாம். இரண்டாவது, இதை வீட்டில் செய்து பார்க்கக் கூடாது. வீட்டுக் குக்கரும் 120 டிகிரி அளவை எட்டக்கூடியதுதான் என்றாலும், புட்டியின் நடுவே எவ்வளவு வெப்பம் போய்ச் சேர்ந்தது என்று அளக்க வீட்டில் வழி இல்லை.

டப்பாவின் உட்பூச்சைப் பற்றிய கவலை வேறு ரகம்; அதில் நியாயம் இருக்கிறது. உலோகம் உணவைத் தொடாமலிருக்கப் பூசப்படும் எபாக்சி பிசினில் பிஸ்பினால்-ஏ என்ற பொருள் நெடுங்காலம் பயன்பட்டது. உடலில் ஹார்மோன் போலச் செயல்படக்கூடிய அப்பொருளை, உணவைத் தொடும் கலன்களில் பயன்படுத்த ஐரோப்பிய ஒன்றியம் 2024 டிசம்பரில் தடை விதித்தது. அந்தப் பொருள் இல்லை என்று அச்சிட்ட டப்பா கிடைத்தால் அதை வாங்கலாம். கண்ணாடிப் புட்டியில் வருவதையும் வாங்கலாம்.

வட ஆர்க்காட்டுக்கு டப்பா புதிதல்ல

இன்றைய வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர், திருவண்ணாமலை மாவட்டங்களைத் தன்னுள் கொண்டிருந்த பழைய வட ஆர்க்காட்டில், டப்பா உணவு சில வீடுகளுக்கு முன்பே பழக்கம். வீட்டுக்கு வீடு படைவீரர்களைத் தந்ததால் ராணுவப்பேட்டை என்றே அழைக்கப்படும் கம்மவான்பேட்டை இங்கேதான் இருக்கிறது. எல்லையில் பணியாற்றித் திரும்பியவர்களிடம் டப்பா உணவைப் பற்றிக் கேட்டால் நிறையவே சொல்வார்கள். வளைகுடா நாடுகளில் வேலை பார்த்து வந்தவர்கள் அங்கே சூரை டப்பாவையும் மத்தி டப்பாவையும் குப்பூஸ் என்னும் அரபு ரொட்டியோடு தின்று பழகியவர்கள். மேல்மொணவூர் போன்ற மறுவாழ்வு முகாம்களில் வாழும் இலங்கைத் தமிழர் வீடுகளிலோ, ‘டின் மீன்’ குழம்பு விருந்தாளி திடீரென்று வந்தால் வைக்கும் குழம்பு. டப்பாவில் இருப்பது என்ன மீனாக இருந்தாலும் அதைச் ‘செமன்’ என்று சொல்லும் வழக்கம் அவர்களிடம் உண்டு. சால்மன் என்ற ஆங்கிலப் பெயர் தேய்ந்து வந்த சொல் அது.

அரசாங்க முயற்சியும் பழையதே. வட ஆர்க்காடு அடங்கியிருந்த அன்றைய சென்னை மாகாணத்தில் மீன்வளத் துறையை உருவாக்கிய ஃபிரெடரிக் நிக்கல்சன் காலத்தில், 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே, மலபார்க் கரையின் சாலியத்தில் மத்தியை டப்பாவில் அடைத்துப் பார்த்தார்கள். அது பரவவில்லை. மலபாரில் பிடிபட்ட மத்தியில் பெரும்பங்கு, எண்ணெய் பிழிந்தது போக, தோட்டங்களுக்கு எருவாகிப் போனது.

முள்ளின் கணக்கு

டப்பாவைத் திறந்து ஒரு மத்தியை எடுத்து நீளவாக்கில் பிளந்தால், நடுவே முதுகெலும்பு வெளிறிய சங்கிலிபோல் தெரியும். அதை இரு விரல்களுக்கிடையே வைத்து லேசாக அழுத்தினால் போதும். நனைந்த சாக்கட்டிபோல் நொறுங்கி மாவாகிவிடும். எலும்பைக் கடினமாகப் பிணைத்து வைத்திருக்கும் கொலாஜன் என்ற புரதம் ரிடார்ட் வெப்பத்தில் கரைந்து கூழாகிவிடுவதே காரணம். குழந்தைக்கு மீன் ஊட்டும்போது நாம் நடுங்கி நடுங்கிப் பொறுக்கும் முள், இங்கே உணவின் சத்தான பகுதியாக மாறிவிடுகிறது. மண்சட்டியில் புளிவிட்டு மெல்லிய தீயில் நெடுநேரம் வெந்த மத்திக் குழம்பிலும் இதே மாற்றம் ஓரளவு நடக்கும் என்பது சமைப்பவர்களுக்குத் தெரியும்.

அமெரிக்க வேளாண் துறையின் உணவு அட்டவணைப்படி, எண்ணெய் வடித்த, முள்ளோடு கூடிய 100 கிராம் டப்பா மத்தியில் உள்ளவை:

1. புரதம் ஏறத்தாழ 25 கிராம். நான்கு முட்டைக்குச் சமம்.

2. கால்சியம் 382 மில்லிகிராம். பசும்பாலில் இதைப் பெற 300 மில்லிலிட்டருக்கு மேல் குடிக்க வேண்டும். வளர்ந்தவருக்கு நாளொன்றுக்கு 1,000 மில்லிகிராம் வேண்டும் என்கிறது இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம்.

3. வைட்டமின் பி12 ஏறத்தாழ 9 மைக்ரோகிராம். ஒரு நாள் தேவை 2 முதல் 2.5 மைக்ரோகிராம்தான்.

4. வைட்டமின் டி 193 யூனிட். இது ஒரு நாள் தேவையான 600 யூனிட்டில் மூன்றில் ஒரு பங்கு.

5. இரும்பு ஏறத்தாழ 3 மில்லிகிராம். இத்துடன் செலினியம், பாஸ்பரஸ்.

இந்தப் பட்டியலில் கால்சியம் என்ற வரி முள்ளைத் தின்பவருக்கு மட்டுமே செல்லும். தோலும் முள்ளும் நீக்கிய துண்டுகளாக வரும் உயர்விலை டப்பாவை வாங்குகிறவர் கூடுதல் காசு கொடுத்துக் கால்சியத்தைக் கடையிலேயே விட்டுவிட்டு வருகிறார். வைட்டமின் டி வரியும் நம் ஊருக்கு முக்கியமானது. வெயிலுக்குப் பெயர்போன வேலூரில் வைட்டமின் டி குறைபாடா என்று கேட்கத் தோன்றும். ஆனால் காலை முதல் மாலை வரை அலுவலகத்திலும் வகுப்பறையிலும் இருப்பவர் மேல் வெயில் படுவதில்லை, உணவிலிருந்து அதைத் தரும் பொருள்களோ மிகச் சில.

கால்சியத்துக்குக் கேழ்வரகு போதாதா என்ற கேள்வி வட ஆர்க்காட்டில் எழுந்தே தீரும். கேழ்வரகில் 100 கிராமுக்கு 364 மில்லிகிராம் இருக்கிறது. எண்ணில் அது மத்திக்குக் கிட்டத்தட்டச் சமம். ஆனால் தானியத்திலுள்ள ஃபைட்டேட் என்ற பொருள் கால்சியத்தின் ஒரு பகுதியைப் பற்றிக்கொண்டு உடலில் சேரவிடாது. மேலும், கால்சியத்தை உள்வாங்கத் தேவையான வைட்டமின் டி கேழ்வரகில் இல்லை. ஆகவே களியும் மத்தியும் ஒன்றுக்கொன்று போட்டி அல்ல. களிக்குக் கருவாட்டுக் குழம்பை ஊற்றித் தின்ற பழைய தட்டிலேயே இந்த இணைப்பு இருந்தது.

ஒமேகா-3: உறுதியாகச் சொல்லத்தக்கது எவ்வளவு?

ஒமேகா-3 என்பது ஒரு கொழுப்பு அமிலக் குடும்பத்தின் பெயர். அதில் இ.பி.ஏ., டி.எச்.ஏ. என்ற இரண்டும் கடல்மீனில் நேரடியாகக் கிடைப்பவை. ஆளிவிதையிலும் வால்நட்டிலும் இருப்பது அதே குடும்பத்தின் ஏ.எல்.ஏ.; உடல் அதை மற்ற இரண்டாக மாற்றிக்கொள்ளும், ஆனால் மிகச் சிறு பங்கையே. சி.எம்.சி. மருத்துவமனையைச் சுற்றியுள்ள வங்காள உணவகங்களில் ஓடும் ரோகுவும் நம் ஏரிக் கெண்டையும் நல்ல புரத உணவுகள்தான் என்றாலும், இந்தக் கொழுப்பில் கடல் மத்திக்கு அருகே வரமாட்டா.

100 கிராம் டப்பா மத்தியில் இ.பி.ஏ.யும் டி.எச்.ஏ.யும் சேர்த்து ஏறத்தாழ 1 கிராம். வடித்த எடை 90 கிராம் உள்ள டப்பா வாரம் இரண்டு என்று கொண்டால், சராசரியாக நாளொன்றுக்கு 250 மில்லிகிராம் சேரும். நாளைக்கு 250 மில்லிகிராமாவது வேண்டும் என்பதே உலக அளவில் பரவலாக ஏற்கப்பட்ட கீழ்வரம்பு. வாரம் இரண்டு முறை மீன் உண்ணுங்கள் என்று அமெரிக்க இதயக் கழகம் சொல்லும் அறிவுரையும் இந்த அளவோடு பொருந்துகிறது.

இதனால் மாரடைப்பு வராதா? இந்த இடத்தில் மிகைப்படுத்தல் அதிகம் நடப்பதால் சற்று நின்று பார்க்க வேண்டும். 58 நாடுகளில் ஏறத்தாழ 1,91,000 பேரின் தரவுகளைச் சேர்த்துப் பார்த்து 2021இல் வெளியான ஆய்வு ஒன்றில், ஏற்கெனவே இதய, ரத்தக்குழாய் நோய் உள்ளவர்களிடையே வாரம் 175 கிராமோ அதற்கு மேலோ மீன் உண்டவர்களுக்கு ஆபத்துக் குறைந்திருந்தது. நோய் இல்லாத பொதுமக்களிடையே அத்தகைய வேறுபாடு தெரியவில்லை. எண்ணெய் மிகுந்த மீனில்தான் பயன் அதிகமாகத் தென்பட்டது. மீனெண்ணெய் மாத்திரையைப் பற்றி 2018இல் வெளியான வைட்டல் என்ற பெரிய சோதனை, ஆரோக்கியமானவர்களுக்கு மொத்தத்தில் இதய நோய்களை அது குறிப்பிடத்தக்க அளவு குறைக்கவில்லை என்று காட்டியது. ஆக, மத்தி நல்ல உணவு. மருந்துச் சீட்டுக்கு மாற்று ஆகாது. நாள்கணக்கில் மத்தியை மட்டுமே தின்னும் முறையில் நார்ச்சத்தும் வைட்டமின் சி-யும் ஏறக்குறைய இல்லை. அதில் உடல் இளைப்பதற்குக் காரணம் மத்தியின் மகிமையைக் காட்டிலும் வேறெதையும் தின்னாததுதான்.

பாதரசத்தைப் பொறுத்தவரை கவலைக்கே இடமில்லை என்று சொல்லிவிடலாம். மத்தி மிதவையுயிர்களைத் தின்று சில ஆண்டுகளே வாழும் சிறுமீன் என்பதால் அதன் உடலில் பாதரசம் சேர நேரமில்லை. அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகத்தின் அளவீட்டில் மத்தியின் சராசரி பத்து லட்சத்தில் 0.013 பங்கு, சுறாவின் சராசரி 0.979. பிள்ளை பெற்றவளுக்குச் சுறாப் புட்டு செய்து கொடுக்கும் நம் வழக்கத்தை இந்த இரண்டு எண்களுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். பால்சுரப்புக்கு மீன்தான் வேண்டுமென்றால் மத்தி பாதுகாப்பானது.

யார் கவனமாக இருக்க வேண்டும்?

1. யூரிக் அமிலம் மிகுந்தவர்கள். மத்தியில் பியூரின் அதிகம். அது உடைந்து யூரிக் அமிலமாகும். கால் பெருவிரல் வீங்கி வலிக்கும் கௌட் நோய் உள்ளவர்கள் டப்பா மத்தியைத் தவிர்ப்பதே நல்லது.

2. ரத்த அழுத்தமும் சிறுநீரக நோயும் உள்ளவர்கள். 100 கிராம் மத்தியில் சோடியம், தயாரிப்பைப் பொறுத்து, 300 முதல் 500 மில்லிகிராம். உலக சுகாதார நிறுவனம் ஒரு நாளைக்கு விதிக்கும் வரம்பு 2,000. கருவாட்டின் உப்பைவிட இது மிகக் குறைவு என்பது உண்மை. ஆனால் ஊறுகாயும் அப்பளமும் உள்ள தட்டில் இதுவும் சேர்ந்தால் கணக்கு மாறும். சிறுநீரகம் பழுதானவர்களுக்கு இதிலுள்ள பாஸ்பரஸும் சுமையே.

3. காசநோய்க்கு ஐசோனியசிட் மாத்திரை எடுப்பவர்கள். இது பலருக்கும் தெரியாத செய்தி என்பதால் சற்று விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. மத்தி, சூரை, அயிலை போன்ற மீன்களின் தசையில் ஹிஸ்டிடின் என்ற அமினோ அமிலம் மிகுதி. பிடித்த மீனை ஐஸ் இல்லாமல் வைத்தால் பாக்டீரியாக்கள் அதை ஹிஸ்டமினாக மாற்றிவிடும். அப்படி உருவான ஹிஸ்டமினை எந்த வெப்பமும் அழிக்காது. 121 டிகிரியும் அழிக்காது. அதைத் தின்றால் சில நிமிடங்களிலிருந்து ஓரிரு மணி நேரத்துக்குள் முகம் சிவந்து, தலை வலித்து, உடல் அரித்து, நெஞ்சு படபடக்கும். மீன் ஒவ்வாமை என்றே பெரும்பாலோர் நினைப்பார்கள். உடலில் ஹிஸ்டமினைச் சிதைக்கும் நொதிகளை ஐசோனியசிட் தடுப்பதால், மற்றவரைப் பாதிக்காத சிறு அளவும் இந்த மாத்திரை எடுப்பவரைப் பாதிக்கக்கூடும். சிகிச்சை முடியும்வரை இத்தகைய மீன்களைப் பற்றி மருத்துவரிடம் கேட்டுக்கொள்ள வேண்டும்.

டப்பாவின் உண்மையான பலவீனம் இந்த மூன்றாவது குறிப்பில்தான் இருக்கிறது. ரிடார்ட் நுண்ணுயிரைக் கொல்லும். ஆனால் ரிடார்டுக்குப் போகும் முன்பே கெட்டுப்போன மீனை நல்ல மீனாக மாற்றாது. திறந்ததும் நாக்கில் மிளகுபோலச் சுரீரென்று கடிக்கும் மத்தியை, டப்பா பார்க்க எவ்வளவு அழகாக இருந்தாலும், கொட்டிவிட வேண்டும். ஐஸ் மீனுக்கும் இது பொருந்தும். கரையிலிருந்து இரண்டு லாரி மாறி, மே மாத வெயிலில் ஐஸ் உருகி வழிய வேலூர் வந்து சேரும் ‘புது’ மத்தியைவிட, பிடித்த சில மணி நேரத்தில் துறைமுகத் தொழிற்சாலையில் அடைபட்ட மத்தி பல சமயம் புதியது.

வேலூர் வெயிலில் எங்கே வைப்பது?

டப்பா ஆண்டுக்கணக்கில் கெடாது என்பது மிதமான வெப்பத்தை மனத்தில் வைத்துச் சொல்லப்படுவது. மனிதருக்கு நோய் தராத, ஆனால் 121 டிகிரியையும் தாக்குப்பிடிக்கும் வெப்பவிரும்பி பாக்டீரியாக்கள் சிலவற்றின் வித்துகள் டப்பாவுக்குள் உறங்கிக்கொண்டிருக்கலாம். 35 டிகிரிக்குக் கீழே அவை விழிப்பதில்லை. வேலூரில் கோடையில் வெளி வெப்பமே 40 டிகிரியைத் தாண்டும். தகரக்கூரைப் பரணிலும் நிறுத்திவைத்த காரின் பின்பெட்டியிலும் அது இன்னும் ஏறும். ஆகவே அடுப்புக்கு மேலுள்ள அலமாரியை விடுத்து, வீட்டின் உள்ளறையில் தரையை ஒட்டிய தட்டில் வைப்பது நல்லது.

உப்பிய டப்பாவைத் திறந்து முகர்ந்துகூடப் பார்க்கக் கூடாது. உள்ளே வாயு உண்டாகியிருக்கிறது என்பதே அதன் பொருள். பக்கவாட்டில் லேசாக நசுங்கியிருந்தால் பரவாயில்லை. மேலும் கீழும் உள்ள மடிப்பு விளிம்பில் நசுங்கலோ துருவோ இருந்தால் வாங்கக் கூடாது. திறந்தபின் மிச்சத்தை டப்பாவிலேயே விடாமல் எவர்சில்வர் கிண்ணத்துக்கு மாற்றிப் பிரிட்ஜில் வைத்து இரண்டு நாளுக்குள் தீர்த்துவிட வேண்டும்.

விலையைப் பற்றியும் ஒரு வார்த்தை. எடைக்கு எடை பார்த்தால் டப்பா மத்தி புது மத்தியைவிடப் பல மடங்கு விலை. டப்பாவில் பெரிதாக அச்சிட்டிருப்பது எண்ணெயும் சேர்ந்த நிகர எடை; 125 கிராம் என்றால் உள்ளே மீன் 90 கிராம் அளவுதான் இருக்கும். ‘வடித்த எடை’ என்ற சிறிய எழுத்தைத் தேடி அதை வைத்தே விலையை ஒப்பிட வேண்டும். இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் 14 இலக்க உரிம எண் இருக்கிறதா என்றும் பார்த்துக்கொள்ளலாம். மார்க்கெட்டில் கண் தெளிந்து, செவுள் சிவந்து, விறைப்பாக இருக்கும் மத்தி கிடைக்கும் நாளில் டப்பாவை வாங்க எந்தக் காரணமும் இல்லை.

சுவை: ஏற்கெனவே வெந்த மீன் என்பதை மறவாமல்

டப்பா மத்தியைப் பிடிக்கவில்லை என்பவர்களில் பலர், அதைப் பச்சை மீன்போல் குழம்பில் போட்டுக் கால்மணி நேரம் கொதிக்கவிட்டவர்கள். 115 டிகிரியில் வெந்து முடிந்த மீனை மறுபடி கொதிக்கவிட்டால் அது நார்நாராகக் கரைந்து குழம்பு முழுவதும் மீன்வாடை பரவும்; பழி டப்பாவின் மேல் விழும். புளிக்குழம்பு கொதித்து, எண்ணெய் பிரிந்து, அடுப்பை அணைக்கும் முன் கடைசி இரண்டு நிமிடத்தில் மத்தியை மெல்லச் சறுக்கிவிட்டு மூடிவைப்பதே முறை. கிளறக் கூடாது. 2023இல் புவிசார் குறியீடு பெற்ற நம் இலவம்பாடி முள்ளு கத்தரிக்காயை நாலாய் வகிர்ந்து அதே குழம்பில் முன்னதாகவே வேகவிட்டால், மத்தியின் கொழுப்பைக் கத்தரிக்காய் உறிஞ்சிக்கொண்டு மீனைவிடச் சுவையாகிவிடும்.

உப்புநீரில் வருவதைவிட எண்ணெயில் வரும் மத்தியே சுவையானது. நாள்பட நாள்பட எண்ணெய் மீனுக்குள்ளும் மீன் கொழுப்பு எண்ணெய்க்குள்ளும் ஊறி, முள்ளும் சதையும் ஒன்றுபோல் மென்மையாகும். பிரான்சில் இதற்காகவே, ஆண்டு குறித்த மத்தி டப்பாக்களை வாங்கி, அவ்வப்போது தலைகீழாகத் திருப்பிவைத்து, சில ஆண்டுகள் கழித்துத் திறக்கும் ரசிகர்கள் இருக்கிறார்கள். 40 டிகிரி வெயிலில் அந்த விளையாட்டு நமக்கு ஒத்துவராது. ஆனால் தயாரித்து ஐந்தாறு மாதமான டப்பாவைப் பழையது என்று ஒதுக்கவும் தேவையில்லை.

அடுப்பே பற்றவைக்காமல் தின்பதற்கு மத்தியை முள்ளோடு மசித்து, பொடியாக நறுக்கிய சின்ன வெங்காயம், பச்சை மிளகாய், கொத்தமல்லி, இடித்த மிளகு சேர்த்து எலுமிச்சை பிழிந்தால் போதும். உப்புப் போடக் கூடாது, டப்பாவிலேயே இருக்கிறது. சூடான கேழ்வரகுக் களியில் குழி செய்து இதை வைத்துத் தொட்டுத் தின்னலாம். மீந்த தோசையில் சுருட்டிப் பள்ளிக்கும் கொடுத்தனுப்பலாம். பிள்ளைகள் முள் இருப்பதைக் கவனிக்கவே மாட்டார்கள்.

டப்பாவில் மிஞ்சும் எண்ணெயைச் சிலர் வாஷ்பேசினில் கொட்டிவிடுகிறார்கள். மீனிலிருந்து கசிந்த ஒமேகா-3இன் ஒரு பங்கு அதில்தான் மிதக்கிறது. பொருள்பட்டியலில் ஆலிவ் எண்ணெய் என்றோ சூரியகாந்தி எண்ணெய் என்றோ இருந்தால், அதிலேயே கடுகு, காய்ந்த மிளகாய், கறிவேப்பிலை தாளித்து மேலே சொன்ன குழம்பைத் தொடங்கலாம். தீ மட்டும் சிறியதாக இருக்கட்டும், அந்த எண்ணெய் சீக்கிரம் புகைந்துவிடும்.